கல்லில் ஒரு வரலாறு, சேற்றில் ஒரு வரலாறு

செஞ்சிக் கோட்டையின் கதையைச் சொல்ல கற்கள் இருக்கின்றன. 1677-ல் சிவாஜி கைப்பற்றியது, 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டுக் கிடந்தது, 1714-ல் ராஜா தேசிங்கு போரில் மாண்டது, 1750-ல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-ல் ஆங்கிலேயர்களும் பிடித்தது என்று எல்லாவற்றுக்கும் மதில் சுவர்கள் சாட்சி. ஆனால் ராஜகிரி அடிவாரத்தில் இன்று விழும் ஒரு சருகு அதிக நாள் இருக்காது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊரில் மண்ணில் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும்.

இதே தமிழ்நாட்டில் 20,000 ஆண்டுகளுக்கு முன் மக்கத் தொடங்கிய செடிகள் இன்னும் முழுதாக மக்காமல் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. நம்ப முடிகிறதா? அதுதான் நீலகிரி!

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், ஊட்டியைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில், சோலைக்காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே எப்போதும் நீர் ஊறி நிற்கும் சதுப்புகள் இருக்கின்றன. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி கொட்டும் இடங்கள் இவை. நீர் நிறைந்த மண்ணுக்குள் காற்று புகாது, குளிரும் அதிகம். அதனால் நுண்ணுயிரிகளின் வேலை மிக மெதுவாக நடக்கிறது. செடிகள் சாகும் வேகத்துக்கு அவற்றால் தின்று முடிக்க முடிவதில்லை. வரவு அதிகம், செலவு குறைவு. மிச்சம் அடுக்கடுக்காகச் சேர்ந்து கருப்பு மண்ணாகிறது. இதைத்தான் பீட் என்கிறார்கள். உலகின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் மண்ணில் உள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் அடைந்து கிடக்கிறது.

காற்றே இல்லாத சேற்றிலும் வாழும் உயிர்கள் உண்டு. 1776-ல் இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்து எரித்துக் காட்டினார் வோல்டா. அது மீத்தேன் வாயு. நம் ஊரில் சதுப்பில் தெரியும் வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லிப் பயந்தார்கள், அதற்கும் இந்த வாயுவைத்தான் காரணமாகச் சொல்வார்கள். இதை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்னும் தனி இனம் என்று 1977-ல் காட்டியவர்கள் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும்.

சரி, இதற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?

நுண்ணுயிரிகள் மிச்சம் வைத்ததைப் படித்தால் பழைய மழைக்கணக்கு கிடைக்கும். மரங்களும், வறட்சியைத் தாங்கும் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு பீட்டிலும் பதிந்திருக்கும். சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் ஆகியோர் நீலகிரி பீட்டை அடுக்கு அடுக்காக ஆராய்ந்து 1993-ல் நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகத்தில் வறட்சி, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை உச்சம், 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முன்வரை மீண்டும் வறட்சி, சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் குறுகிய காலம் நல்ல மழை. இந்தக் கடைசி மழைக்காலம் செஞ்சியில் விஜயநகர ஆட்சி வேரூன்றிய காலத்தை ஒட்டி வருகிறது. எந்தக் கல்வெட்டும் இவ்வளவு நீண்ட கணக்கைச் சொல்லாது.

அந்த அடுக்குகள் இன்னொன்றையும் சொல்லின. நீலகிரிப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்ததல்ல, பனியுகத்திலேயே அங்கே புல் இருந்தது. ஆனால் 1819-ல் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபின் குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு, தோடர்களின் எருமைகள் மேய்ந்த அந்த நிலம் வெறும் தரிசாகத்தான் தெரிந்தது. விறகுக்காகக் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடுவது நிற்கவில்லை. சதுப்புகள் பல வடிக்கப்பட்டுக் காய்கறித் தோட்டங்களாயின. அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது 2022-ல்தான்.

சதுப்பில் நீர் வடிந்தால் காற்று உள்ளே போகும். அதுவரை பட்டினி கிடந்த நுண்ணுயிரிகள் மிச்சத்தைத் தின்னத் தொடங்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த கார்பன் புகையில்லாமல் காற்றில் கலந்துவிடும், கூடவே அந்த மழைக்கணக்கும் போய்விடும்.

செஞ்சிக் கோட்டை 1921 முதல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மதிலில் ஒரு கல் சரிந்தால் எடுத்து அடுக்கிவிடலாம். நுண்ணுயிரிகள் தின்றுவிட்ட பக்கத்தை யாராலும் திரும்ப எழுத முடியாது. நீலகிரியின் சேற்றையும் ஒரு கோட்டையைப் போலக் காக்க வேண்டும் என்பது அதனால்தான்!