துணி உலர்த்தி: சூடேறாமை

துணி உலர்த்தியின் உருளை சுழன்றும் துணி ஈரமாகவே இருக்கும் கோளாறு. வட அமெரிக்க வீடுகளில் பரவலாக உள்ள மின் உலர்த்திகளில் இது அடிக்கடி நேர்வது. அங்கு உலர்த்திக்கு 240 வோல்ட் மின்சாரம், தலா 120 வோல்ட் கொண்ட இரு கம்பிகள் வழியே வருகிறது. மோட்டாருக்கு ஒரு கம்பி போதும். சூடேற்றும் சுருளுக்கு இரண்டும் வேண்டும். பிரேக்கரின் ஒரு பாதி மட்டும் செயலிழந்தால் உருளை சுழலும், சூடு வராது. எனவே, கருவியைக் கழற்றும் முன் பிரேக்கரை ஒருமுறை முழுதாக அணைத்துப் போட்டுப் பார்ப்பதே முதல் வேலை.

மின்சாரம் சரியென்றால், பிளக்கைப் பிடுங்கிய பின்பே உள்ளே கைவைக்க வேண்டும். சூடேற்றும் நிக்ரோம் சுருளின் மின்தடை பெரும்பாலும் 10 ஓம் அளவில் இருக்கும். மல்டிமீட்டர் தொடர்ச்சி காட்டாவிட்டால் சுருள் அறுந்துள்ளது.

சுருள் சரியென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது, அளவுமீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப ஃபியூஸ். அது ஒருமுறை போனால் மாற்றத்தான் வேண்டும். (சில மாடல்களில் அது போனால் மோட்டாரும் நின்றுவிடும்.) ஆனால் அதை மட்டும் மாற்றுவது அரைகுறைப் பழுதுபார்ப்பு. வெளியேற்றுக் குழாயில் பஞ்சுத்தூசி அடைத்து, சூடான காற்று தேங்குவதால்தான் பெரும்பாலும் ஃபியூஸ் போகிறது; குழாயைச் சுத்தம் செய்யாவிட்டால் புதியதும் போகும். ஃபியூஸைத் தவிர்த்துக் கம்பிகளை நேரடியாக இணைப்பதை ஒருபோதும் செய்யக்கூடாது: பஞ்சுத்தூசி எளிதில் தீப்பற்றும்.

எரிவாயு உலர்த்திகளில் தீமூட்டியையும் வாயு வால்வின் காந்தச் சுருள்களையும் சோதிக்க வேண்டும்.