தெகிவளை–கல்கிசை: பல ஊர்கள் ஒரு நகரமான வரலாறு

பழங்கால நகரங்களுக்கு எல்லை வகுத்தவை மதிலும் அகழியும் ஆகும். தலைநகரொன்றின் அருகே வளரும் புறநகருக்கோ மதிலும் இல்லை, வாயிலும் இல்லை. தலைநகரில் தொழில் செய்வோர் உறங்கியெழும் இடமென்றே பலரும் அதனைக் கருதுவர். அத்தகைய இடம் தனக்கென ஒரு பெயரும் சபையும் பொதுவாழ்வும் கொண்ட நகரமாவது எங்ஙனம் என்பதை அறிய விரும்புவோர்க்குக் கொழும்பின் தென்னெல்லையை அடுத்துள்ள தெகிவளை–கல்கிசை மாநகரம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

முதலில் அதன் நிலத்தை நோக்குவோம். மேற்கே இந்து சமுத்திரம். கடலை ஒட்டினாற்போல் புகையிரதப் பாதையும், அதற்குச் சற்று உள்ளே காலி வீதியும் வடக்குத் தெற்காகச் செல்கின்றன. கல்கிசையில் பாறை முனையொன்று கடலுள் நீண்டு நிற்கிறது. கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்து, பெல்லன்வில, அத்திடிய என்னும் இடங்களிற் சதுப்பாக மாறுகிறது. இச்சதுப்பில் ஏறக்குறைய 372 ஹெக்டேயர் 1990ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. நகரின் கீழ்ப்பாகத்திற் பெய்யும் மழைநீர் அருகிலுள்ள கடலை நேரே அடைவதில்லை. அது சதுப்பில் தேங்கி, வெரஸ் கங்கை வழியாகப் பொல்கொட ஏரியிற் சேர்ந்து, தெற்கே பாணந்துறையிற் கடலை அடைகிறது. ஆகவே, சதுப்பைத் தூர்த்து ஒருவர் வீடு கட்டினால் வேறொருவர் முற்றத்தில் வெள்ளம் நிற்கும். ஒருவர் செயல் மற்றவரைத் தாக்கும் என்னும் பாடத்தை இந்நிலமே கற்பிக்கின்றது.

இந்நிலம் நகரமானது படிப்படியாகவே. 1805 முதல் 1811 வரை தேசாதிபதியாயிருந்த சேர் தோமஸ் மெயிற்லண்ட் கல்கிசைப் பாறை முனையில் தமக்கொரு மாளிகை அமைத்தார். ‘மவுண்ட் லவீனியா’ என்னும் ஆங்கிலப் பெயருக்கு அவர் காதலித்த நடனமாது ஒருத்தியைக் காரணங் காட்டும் கதை செவிவழியாக வழங்குகின்றது. பின்வந்த தேசாதிபதி சேர் எட்வேட் பான்ஸ் அவ்விடத்திற் பெரியதொரு மாளிகையை எழுப்பினார். காலப்போக்கில் அது உல்லாச விடுதியாயிற்று.

ஆயினும், ஊரை மாற்றியது மாளிகையன்று, புகையிரதமே. 1877ஆம் ஆண்டிற் கரையோரப் பாதை பாணந்துறைவரை திறக்கப்பட்டதும், கொழும்பிற் கடமை புரிவோர் மாலையில் இவ்வூர்களுக்குத் திரும்புதல் எளிதாயிற்று. 1851இல் முகத்துவாரத்தில் நிறுவப்பட்ட பரி. தோமாவின் கல்லூரி 1918இற் கல்கிசைக்கு இடம்பெயர்ந்தது. ஜேர்மானியரான ஜோன் ஹாகன்பெக் தெகிவளையிற் சேர்த்து வைத்திருந்த விலங்குகளைக் கொண்டு 1936இல் அரசாங்கத்தின் மிருகக்காட்சிச்சாலை உருவாயிற்று. இரத்மலானையிற் புகையிரத வேலைத்தளம் பல்லாயிரம் தொழிலாளரைத் திரட்டியது. அங்கேயே விமான நிலையமும் எழுந்தது. 1935இல் அதில் முதன்முதலாக இறங்கிய விமானம் சென்னையிலிருந்து வந்ததாகும். 1947 திசெம்பரில் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் அங்கிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது.

இவ்வாறு தொழிலும் கல்வியும் போக்குவரத்தும் பல்வேறு மக்களை இங்கு கொண்டுவந்தன. பெரும்பான்மையோர் சிங்களவர். வெள்ளவத்தையிலிருந்து தெற்கு நோக்கிப் பரவிய தமிழ்க் குடும்பங்கள் தெகிவளையிலும் கல்கிசையிலும் இரத்மலானையிலும் குடியேறின. களுபோவிலையிலும் தெகிவளையிலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கின்றனர். மலாயரும் பரங்கியரும் உளர். பெல்லன்வில ரஜமகா விகாரையின் பெரஹராவுக்கு எங்கிருந்தும் மக்கள் வருவர். நெடிமாலையில் விட்டுணு கோயில் உளது. பள்ளிவாசலின் பாங்கும் தேவாலயத்தின் மணியோசையும் ஒரே காற்றில் மிதந்து வருவன. இரத்மலானை இந்துக் கல்லூரி, தமிழர் இந்நகரிற் குடியிருக்க மட்டும் வந்தவரல்லர், தம் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் இங்கேயே நாட்ட வந்தவர் என்பதற்குச் சான்றாகும்.

இத்தகைய மக்கட் கூட்டத்தை ஒன்றிணைக்கும் கடமை உள்ளூராட்சிக்கு உரியது. கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தினால் தோன்றியது. தெகிவளை–கல்கிசை நகர சபையோ 1959இலேயே மாநகர சபையாக உயர்ந்தது. வீதி விளக்கு, வடிகால், குப்பை, சந்தை, மயானம், நூலகம், கட்டட அனுமதி ஆகியவை சபையின் அலுவல்கள். இவற்றுள் எதுவும் ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று. வடிகால் அடைபட்டால் அதனருகே வாழ்வோர் எம்மொழி பேசுவர் என்று நீர் வினவுவதில்லை. சோலைவரி செலுத்துவோர் அனைவருக்கும் சபை ஒரே கணக்குக் காட்டக் கடமைப்பட்டுள்ளது. பாராளுமன்றத்திற் பிரிந்து நின்று வாதிடுவோரும் சபை மண்டபத்தில் ஒரே ஒழுங்கையைப் பற்றிப் பேச வேண்டியவராகின்றனர். குடியியலின் அரிச்சுவடி இதுவே எனலாம்.

அரிச்சுவடி கற்ற ஊரும் சோதனையில் தவறக்கூடும். 1983 ஆடி மாதத்தில் தலைநகரிலும் அதன் புறநகரங்களிலும் தமிழரின் வீடுகள் எரியூட்டப்பட்டன. தெகிவளையும் கல்கிசையும் இரத்மலானையும் அத்தீக்குத் தப்பவில்லை. கலகக்காரரிற் சிலர் வாக்காளர் இடாப்புக்களைக் கையில் ஏந்தி வீடு தேடி வந்தனர் என்பது பலரும் பதிவு செய்த செய்தியாகும். ஒரு மனிதனை நகரத்தின் குடிமகனாக்கும் அதே இடாப்பு அவன் வாசலைக் காட்டிக்கொடுக்கும் கருவியாயிற்று. ஒருகாலத்திற் காங்கேசன்துறைக்கு விமானம் அனுப்பிய இரத்மலானை விமான நிலையத்தின் கொட்டகைகள் அகதி முகாமாயின. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1996 ஆடி 24ஆம் நாள், தெகிவளைப் புகையிரத நிலையத்தில் மாலை வேளையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பயணிகளிடையே விடுதலைப் புலிகள் வைத்த குண்டுகள் வெடித்தன. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரைப் பெற்றெடுத்த புகையிரதமே அன்று அதன் துயரத்தைச் சுமந்தது. இவ்விரண்டு தீங்குகளிலும் இறந்தோர் தத்தம் அலுவலைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண மக்களேயாவர்.

சபையின் அமைப்பும் காலத்துக்குக் காலம் மாறிற்று. முன்னர் வட்டாரந்தோறும் ஓர் உறுப்பினர் தெரிவு செய்யப்பட்டார். 1979ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து விகிதாசார முறை வந்தபோது வட்டாரம் மறைந்தது. சிறுபான்மையோர் தம் தொகைக்கேற்ப இடம் பெறுதற்கு அம்முறை உதவியதெனினும், தம் ஒழுங்கைக்குப் பொறுப்பானவர் எவர் என்பதை மக்கள் அறிதல் அரிதாயிற்று. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் இரண்டு முறைகளும் இணைக்கப்பட்டன. நூற்றுக்கு அறுபது வீதம் வட்டாரத்துக்கும் நாற்பது வீதம் விகிதாசாரத்துக்கும் ஒதுக்கப்பட்டதோடு, பெண்களுக்கு நாலில் ஒரு பங்கு இடமும் சட்டத்தால் உறுதியாயிற்று.

அச்சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. நடைபெறவிருந்த தேர்தல் பின்போடப்பட்டமையால், நாடெங்கும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உள்ளூராட்சி உத்தியோகத்தரின் கையில் இருந்தது. குப்பை அள்ளப்பட்டது, விளக்கும் எரிந்தது. ஆனால், வெரஸ் கங்கைக் கரையிலுள்ள கரதியானையிற் குவியும் குப்பையைப் பற்றியோ, சதுப்பு நிலம் சுருங்குவதைப் பற்றியோ முறையிட வந்தவருக்கு மறுமொழி கூற அவர் தெரிந்தெடுத்த பிரதிநிதி எவரும் இருக்கவில்லை. சேவை வேறு, ஆட்சி வேறு என்பதை அவ்விடைக்காலம் உணர்த்திற்று. 2025 மே 6ஆம் நாள் மக்கள் மீண்டும் வாக்களித்தனர்.

அன்று வாக்குச் சாவடியிலே உத்தியோகத்தர் இடாப்பை விரித்துப் பெயர்களை உரத்து வாசித்தனர். சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் முஸ்லிம் பெயரும் வீட்டிலக்க வரிசைப்படி அடுத்தடுத்து நின்றன. 1983இல் மக்களைப் பிரித்தெடுக்க உதவிய இடாப்பும் இவ்வகையினதே. ஏடு நல்லதுமன்று, தீயதுமன்று. அதனை யார், எதற்காக விரிக்கின்றனர் என்பதிலேயே நகரத்தின் விதி தங்கியுள்ளது. ஒரே வீதியில் வாழ்வோர் ஒருவர் பெயரை மற்றவர் வாசிக்கக் கேட்டு அஞ்சாதிருப்பாராயின், பல ஊர்கள் சேர்ந்த அவ்விடத்தை நகரம் என்று துணிந்து அழைக்கலாம்.