முழங்கைக்கு 15 டிகிரி

எங்கள் சேலம் பக்கம் டென்னிஸ் பந்து ஆட்டத்தில் யாராவது கையை மடக்கிப் போட்டால், "எறியுறான்டா!" என்று ஒரே கூச்சல்தான். நிஜ நடுவர் இதை எப்படி முடிவு செய்கிறார்?

விதி எளிது. கை தோள் உயரத்துக்கு வந்த பிறகு, மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது. ஆனால் அதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம்!

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். டேரல் ஹேர் முத்தையா முரளிதரனுக்கு மூன்று ஓவர்களில் ஏழு நோ-பால் கொடுத்தார். பிறகு பரிசோதனைகள் நடந்தன. முரளியின் கை பிறவியிலேயே முழுதாக நீளாது என்பது உறுதியானது. இன்னொரு வேடிக்கை, யாரும் சந்தேகப்படாத பலருடைய முழங்கையும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறதாம்! 2005 முதல் ஐ.சி.சி. எல்லோருக்கும் 15 டிகிரி வரை அனுமதித்தது. மைதானத்தில் நோ-பால் சொல்ல நடுவருக்கு இன்றும் உரிமை உண்டு. ஆனாலும் பெரும்பாலும் புகார்தான் எழுதுகிறார்கள்; அளப்பது கேமரா.

நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் கதையும் இதுதான். 2015 ஜனவரியில் முதல் ரஞ்சி ஆட்டம், உடனே பந்துவீச்சு மீது புகார். கூலி நெசவாளி வீட்டுப் பிள்ளை, அதோடு முடிந்திருக்கலாம். பந்துவீச்சைத் திருத்திக்கொண்டு வந்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார்.

நடுவர் சந்தேகப்படலாம், தப்பில்லை. திருத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.