வேடர்

வேட்டம், வேட்டை, வேட்டுவர், வேடர் எல்லாம் ஒரே சொற்குடும்பம். தொழிலால் வந்த பெயர். மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் இச்சொல் கேட்டதும் வேடராகப் பிறந்த நாயனார் கண்ணப்பர்தான் முதலில் நினைவுக்கு வருவார். ஆனால் அதே மாவட்டத்தின் வடக்கே, வாகரைப் பக்கம், தமிழ் பேசி மீன்பிடித்து வாழும் கரையோர வேடர் இன்றும் இருக்கிறார்கள். மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலும் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். உள்நாட்டு வேடர் தம்மை ‘வன்னியலெத்தோ’, அதாவது வனத்து மக்கள், என்பார்கள்.

மூத்த குடிகள் கணக்கில் விடுபடுவது புதிதல்ல. 1901இல் கூட்டாட்சியான அவுஸ்திரேலியா, அரசியலமைப்பின் 127ஆம் பிரிவால் ஆதிக்குடிகளை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. 1967 வாக்கெடுப்புக்குப் பிறகே அப்பிரிவு நீங்கியது. இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டு இனப் பட்டியலிலும் வேடருக்குத் தனி இடமில்லை, ‘ஏனையோர்’தான். ஒரு நாட்டின் மூத்த குடிக்கு இது பெரும் அநீதி.