தவறணை முதல் பல்கலைக்கழகம் வரை: ஊவாவில் குடிப்பழக்கத்துக்கும் உறவு வன்முறைக்கும் எதிரான ஏற்பாடுகளின் வரலாறு

ஊவாத் தோட்டங்களில் குடியையும் பெண்ணை அடிப்பதையும் தொழிலாளியின் குணக்கேடு என்று சொல்லி முடித்துவிடுவது பழைய வழக்கம். வரலாறு அவ்வளவு எளிதாக ஆளை விடுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் சாராய விற்பனை உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விட்டது குடியேற்ற அரசு. அந்தக் குத்தகைப் பணம் அதன் முக்கிய வருமானங்களுள் ஒன்று. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தையொட்டிச் சாராயத்துக்கும் கள்ளுக்கும் தனித்தனித் தவறணைகள் வந்தன. அதை எதிர்த்த மதுவிலக்கு இயக்கம் சிங்களப் பௌத்தக் கிராமங்களில் வேரூன்றியது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை அது தன் களமாகக் கொள்ளவில்லை.

பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ வாங்கிச் செல்லும் வழக்கமும் தோட்டத்தில் நீண்டகாலம் நிலைத்தது. தோட்ட நிர்வாகத்தின் ஆணாதிக்கமும் வீட்டின் ஆணாதிக்கமும் ஒன்றையொன்று தாங்கி நின்ற விதத்தைக் குமாரி ஜயவர்தனவும் றேச்சல் குரியனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் 1984இல்தான் கிடைத்தது. கொழுந்து பறித்தவள் கைக்குக் காசு வராத அமைப்பில், அடி தாங்காமல் வெளியேறவும் அவளுக்கு வழியில்லை. தோட்டத் தலைவரிடம் சொன்னால் 'புருசன் பொஞ்சாதி சண்டை' என்று சமாதானம் பேசி அதே காம்பராவுக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

அரசு ஏற்பாடுகள் பின்னர் வந்தன. வந்தபோதே இரண்டாகப் பிரிந்து வந்தன. போதைப்பொருளுக்கு 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. அதன் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, ஊராபொல ஆகிய இடங்களில் எழுந்தன. பசறையிலோ லுணுகலையிலோ உள்ள ஒரு குடும்பத்துக்கு அவை எல்லாமே தொலைதூரம். வன்முறைக்கு வேறு சட்டம்: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அடுத்த ஆண்டு வந்த புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடைசெய்தது. லயத்தில் ஒரே இரவில் நடப்பதை அலுவலகங்கள் தனித்தனிக் கோப்புகளாக்கின.

பல்கலைக்கழகத்தின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டே கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. ஆகவே பதுளை பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் நிறுவப்பட்டபோது, நாட்டின் பல்கலைக்கழகங்களில் மாணவர் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் ஒழுக்காற்று நடவடிக்கையாகவே விளங்கியது. மாணவர் ஆலோசகர்களாக நியமிக்கப்படுவோர் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். புள்ளி போடுபவரிடமே போய்த் தன் குடிப்பழக்கத்தையோ காதலனின் மிரட்டலையோ ஒரு மாணவி சொல்வாளா? தோட்டத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்தவள், அதுவும் தாய்மொழியில் பேச ஆளில்லாவிட்டால், இன்னும் வாய்மூடியே இருப்பாள்.

பல்கலைக்கழகமும் வீட்டு வன்முறைச் சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதே இவ்வாய்வில் நான் முக்கியமாகக் கருதுவது. அந்தச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்பவர், நெருங்கிய உறவினர் ஆகியோருக்கு எதிராகவே பாதுகாப்புக் கட்டளை தருகிறது. தனித்தனி விடுதிகளில் தங்கியிருக்கும் காதலர்கள் அதற்குள் வரமாட்டார்கள். பிரிந்துபோன காதலியின் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுபவனுக்கு எதிராக அது பயன்படாது. மாறாக, பகிடிவதைச் சட்டமாகவே அறியப்படும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாணவரின் உடலுக்கோ நற்பெயருக்கோ உடைமைக்கோ கேடு செய்வதாக மிரட்டுவதை, அது நிறுவனத்துக்கு வெளியே நடந்தாலும், அச்சட்டம் குற்றமாக்குகிறது. புதுமுக மாணவர்களுக்கான அறிமுக வாரத்தில் பகிடிவதையோடு இந்தப் பிரிவையும் விளக்கினாலே எத்தனையோ பேருக்குத் துணிவு வரும்.

சுகாதாரத் துறை இதைவிட நல்ல பாதை போட்டிருக்கிறது. 2007இல் மாத்தறை வைத்தியசாலையில் தொடங்கிய 'மித்துரு பியச' நிலையங்கள் தமிழில் 'நட்பு நிலையம்' என்று அழைக்கப்படுகின்றன. காயத்துக்கு மருந்து கட்டும் இடத்திலேயே வன்முறையைப் பற்றிப் பேச அங்கே ஆள் உண்டு. 2019ஆம் ஆண்டின் பெண்கள் நலன் ஆய்வின்படி, துணை இருந்த பெண்களில் 20.4 வீதமானோர் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். ஐந்தில் ஒருவர் என்றால், விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இதை வீட்டில் கண்டு வளர்ந்தவர்கள் என்பதைப் பல்கலைக்கழகம் யோசிக்க வேண்டும்.

குடியும் வன்முறையும் ஒரே மேசையில் கையாளப்பட வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் 'குடிவெறியில் செய்துவிட்டான்' என்ற சமாதானத்துக்கு அந்த மேசையில் இடம் கூடாது, குடிக்காதவனும் அடிக்கிறான். அங்கே தமிழும் சிங்களமும் தெரிந்த, பரீட்சையோடு தொடர்பில்லாத முழுநேர ஆலோசகர் இருக்க வேண்டும். பாராளுமன்றம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்திக் காதல் உறவையும் அதற்குள் கொண்டுவர வேண்டும். அதுவரை, இதை வாசிக்கும் மாணவியரே, 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையும் 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அறைத்தோழிக்கும் கொடுங்கள்.