கட்டிய கதையும் மூடிய கடையும்: வடமேற்கு லண்டன் பப்புகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

லண்டனின் பழைய பப்புகளைப் பற்றி எழுதுகிற எவரும் மார்க் ஜிருவார்டை விட்டுவிட்டுப் போக முடியாது. பொறித்த கண்ணாடி, வண்ண ஓடு, மஹோகனித் தடுப்பு என்று இன்று நாம் நின்று பார்ப்பவற்றைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது 1975இல் வெளிவந்த அவருடைய ‘விக்டோரியன் பப்ஸ்’ நூல்தான். அவர் சொல்லும் வரலாற்றின் அச்சு பணச்சந்தை. 1890களின் பிற்பகுதியில் பணம் பாய்ந்தது, பப்புகள் கைமாறும் விலை தாறுமாறாக ஏறியது, 1899இல் எல்லாம் சரிந்தது. கட்டடக்கலையைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் படாடோபமாகக் கட்டுவது நின்றதும், கட்டியவை மூடப்பட்டதும் ஒரே வீழ்ச்சியின் இரு கட்டங்கள் என்ற எண்ணத்துக்கு இந்தக் கதையமைப்பு இடம் கொடுத்துவிடுகிறது. உரிமச் சட்டங்களை அவர் அறியாதவர் அல்லர். அவற்றுக்கு அவர் கொடுத்த எடைதான் குறைவு என்பது என் வாதம்.

செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் அபர்டீன் பிளேஸ் என்ற அமைதியான தெருவில் நிற்கும் கட்டடம் இதற்கு நல்ல சான்று. பிராங்க் குரோக்கர் என்பவருக்காகச் சார்லஸ் வோர்லி வடிவமைத்து, 1898இல் எழுந்த அதன் பெயர் ‘கிரவுன்’. உள்ளே மதுமேடையும் கணப்பும் பளிங்கு. சலூனின் கூரை அதற்கும் முந்நூறு ஆண்டுகள் முந்திய ஜேம்ஸ் மன்னர் காலப் பாணியைப் பார்த்துச் செய்தது. ஒதுக்குப்புறமான தெருவில் இவ்வளவு ஆடம்பரம் ஏன்? ஊர் வாய்க்கு விடை தயாராக இருந்தது. புதிய ரயில் முனையம் எதிரிலேயே வரும் என்று நம்பிக் கட்டினாராம் குரோக்கர். அது அரை மைல் தள்ளி மேரிலபோனில் அமைந்ததும் நொடித்துப்போய் மாடியிலிருந்து குதித்தாராம். 1987இல் கடையின் பெயரே ‘குரோக்கர்ஸ் ஃபாலி’, அதாவது குரோக்கரின் மடத்தனம், என்று மாறியது.

இந்தப் பெயர் மாற்றத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். கதை பிறந்தது எப்போது? 1987க்கு முன் என்பது உறுதி. அதற்கு மேல் பின்னோக்கி ஆண்டு குறிக்கச் சான்று போதாது. கதை பொய் என்பதற்குச் சான்று நிறையவே உண்டு. அந்த ரயில் பாதைக்கான சட்டம் 1893இலேயே நிறைவேறியது. லார்ட்ஸ் மைதானத்தின் ஓரமாகச் சுரங்கம் தோண்டியதை அக்கம்பக்கமே பார்த்தது. 1899 மார்ச்சில் பயணிகளுக்குத் திறக்கவிருந்த நிலையம் எங்கே வருகிறது என்று 1898இல் பளிங்குக்குப் பணம் கொட்டிய மனிதருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. குரோக்கர் 1904இல், 41 வயதில், இயற்கையாகவே இறந்தார். கதையின் உள்ளடக்கம் பொய்யானாலும் அதன் வடிவம் நமக்கு முக்கியம்: பேராசை, ஒரு தவறான கணக்கு, உடனடி வீழ்ச்சி. 1899ஐ முடிவாக வைக்கும் வரலாறும் ஏறக்குறைய இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் ‘கிரவுன்’ மூடப்பட்டது 2004இல். இடையில் நூறாண்டுக்கு மேல் அங்கே பீர் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் 1900ஐ ஒட்டி மூடப்பட்டவை எவை? 1830ஆம் ஆண்டு பீர் சட்டம் வரி செலுத்தும் குடித்தனக்காரர் எவரும் இரண்டு கினி கட்டிக் கடை திறக்க வழிசெய்தது. 1869இல் கட்டுப்பாடு மீண்டும் மாஜிஸ்திரேட்டுகள் கைக்கு வந்தது. 1891இல் ‘ஷார்ப் எதிர் வேக்ஃபீல்டு’ வழக்கில், உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலிடமே வசூலித்த நிதியிலிருந்து இழப்பீடு கொடுத்து, மிகுதியான கடைகளை மூட ஏற்பாடு செய்தது. நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1 லட்சமாக இருந்த, கடையிலேயே குடிக்கும் உரிமங்கள் 1914 வாக்கில் 88 ஆயிரத்தை ஒட்டி இறங்கின. இப்படிப் போனவை பெரும்பாலும் சந்து பொந்துகளில் இருந்த சிறு பீர் கடைகளாகவே இருந்திருக்க வேண்டும். அவற்றுக்கு முகப்புமில்லை, பளிங்குமில்லை. கதவை அடைத்தால் மறுநாள் அது வெறும் வீடு. இன்று தெருவில் நடப்பவர் கண்ணில் படுபவை அந்தக் களையெடுப்பில் தப்பியவை. அவற்றின் மங்கலை விக்டோரியா யுகத்தின் அந்திமம் என்று வாசிப்பது தப்பியவரைப் பார்த்து இறந்தவருக்கு மருத்துவச் சான்று எழுதுவது போன்றது.

தப்பியவற்றின் உள்ளமைப்பும் இந்த மேற்பார்வைக் காலத்தோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. மெய்டா வேல் பக்கம் பார்மோசா தெருவிலுள்ள ‘பிரின்ஸ் ஆல்பிரட்’ பப்பில் மரத் தடுப்புகள் இன்னும் இருக்கின்றன. ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போகும் குட்டிக் கதவில் பெரியவர்கள் நன்றாகக் குனிந்தே நுழைய வேண்டும். ஒரு வர்க்கத்தின் கண்ணில் இன்னொரு வர்க்கம் படாமலிருக்க இந்தத் தடுப்புகள் என்பது வழக்கமான விளக்கம். ஒரே உரிமத்தின் கீழ் பல கடைகளை நடத்தும் உத்தியும் இதில் இருந்திருக்கலாம் என்று கருதுகிறேன்; புது உரிமம் அரிதான காலத்தில் அது பொருந்தும். இதை ஊகமாகவே முன்வைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இரண்டாம் மூடல் அலைக்குக் காரணங்கள் முற்றிலும் வேறு. 1989ஆம் ஆண்டு பீர் ஆணைகள் 2,000 பப்புகளுக்கு மேல் தம் உடைமையாக வைத்திருந்த பீர் ஆலைகளின் பிடியைத் தளர்த்தின. அவை விற்ற கடைகளைப் பெரிதும் வாங்கியவை பப் நிறுவனங்கள். பீரைவிட மனை மதிப்பு மிக்கதானது. 2007இல் வந்த புகைத்தடையைப் பலர் குற்றம் சாட்டுகிறார்கள். ‘கிரவுன்’ அதற்கு மூன்றாண்டு முன்பே மூடியாயிற்று. 2014இல் ஒரு லெபனிய உணவகக் குழுமத்தின் கையில் அது மீண்டும் திறந்தது.

எந்தத் தெருவில் எந்தக் கடை எந்த ஆண்டு உரிமம் இழந்தது என்ற பட்டியல் இல்லாமல் இந்த வாதம் பாதிதான் நிற்கும். 1890களின் இறுதியில், லண்டனின் வறுமையை ஆராய்ந்த சார்லஸ் பூத்தின் ஆட்கள் காவலர்களோடு லண்டன் தெருக்களில் நடந்து எழுதிய குறிப்பேடுகள் லண்டன் பொருளியல் பள்ளி நூலகத்தில் உள்ளன. அவற்றை உரிமப் பதிவேடுகளோடு தெருவாரியாக ஒப்பிடும் பணியை இளம் ஆய்வாளர் எவரேனும் மேற்கொள்ள வேண்டும்.