உடைந்த சஹனுக்கும் ஒரு வக்ஃப்

திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயத்தின் பெயர் ‘அல்மாஊன்’. தொழுகையில் அலட்சியமாக இருப்போரையும், பிறர் காணவேண்டும் என்பதற்காகவே நற்செயல் புரிவோரையும் கண்டிக்கும் அந்தச் சிறிய அத்தியாயம், மாஊனைக் கொடுக்க மறுப்போரைக் கண்டித்து நிறைவுறுகிறது. மாஊன் என்பதற்கு ஜகாத் என்று பொருள் கூறியவர்களும் உண்டு. ஆயினும் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தரும் விளக்கம் நம் அடுக்களைக்குள்ளேயே வந்து நிற்கிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வாளி, சமையல் பாத்திரம் போன்றவற்றை ஒருவருக்கொருவர் கொடுத்துதவுவதையே தாங்கள் மாஊன் எனக் கருதியதாக அவர்கள் அறிவித்துள்ளார்கள். வீட்டுப் பொருளை இன்னொருவர் பயன்படுத்தக் கொடுப்பது மார்க்கத்தில் எவ்வளவு கனமான செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் போதனை வெறும் தனிமனிதப் பண்பாக நின்றுவிடவில்லை, நிறுவனமாகவும் உருப்பெற்றது. கி.பி. 1326இல் டமாஸ்கஸ் நகருக்கு வந்த பயணி இப்னு பதூதா, அங்கிருந்த வக்ஃபுகளின் வகைகளைக் கண்டு வியந்து எழுதினார். ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவர்களுக்காக, ஏழைப் பெண்களின் திருமணத்துக்காக, சிறைப்பட்டோரை மீட்பதற்காக, வழிப்போக்கர்களின் உணவு உடைக்காக என்று தனித்தனி வக்ஃபுகள் அங்கே இருந்தன. ஒருநாள் தெருவில் ஓர் அடிமைச் சிறுவன் சீனப் பீங்கான் தட்டொன்றைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டான். கூடிநின்றவர்களுள் ஒருவர், சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகலாம் என்று கூறி உடன் சென்றார். சில்லுகளைக் கண்ட பொறுப்பாளர், அதேபோன்ற தட்டு வாங்குவதற்கான பணத்தைக் கொடுத்தனுப்பினார். எசமானரின் அடியிலிருந்தும் ஏச்சிலிருந்தும் சிறுவன் தப்பினான். உடைந்த உள்ளங்களைச் செப்பனிடும் வக்ஃப் என்றே இப்னு பதூதா அதனைப் பாராட்டுகிறார்.

அந்தத் தட்டை டமாஸ்கஸ்வாசிகள் ‘சஹன்’ என்று அழைத்ததாக அவர் குறிப்பிடுகிறார். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் விருந்துகளில் பலர் சுற்றியமர்ந்து உண்ணும் தட்டுக்கும் அதுவே பெயர். சொல் மட்டுமன்று, பொருளும் நம் கரைக்கு வந்தது. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மேற்கொண்ட அகழாய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. இப்னு பதூதாவும் 1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து இப்பக்கம் கப்பலேறி, புயலில் சிக்கி, அன்று மஅபர் எனப்பட்ட தமிழகக் கரையில் ஒதுங்கினார்.

அந்த மரபின் சாயல் நம் ஊர்களில் இன்றும் உண்டு. ரமளான் கஞ்சிக்கும் திருமணங்களுக்கும் எடுத்துக் கொடுக்கப்படும் ஜமாஅத்தின் தேக்சாக்கள், விரிக்கும் பாய்கள், ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கு ஆகியவை யாவருக்கும் பொதுவானவை. வசதி படைத்தவரும் வறியவரும் அவற்றையே பயன்படுத்துவதால், வாங்குபவர் தலைகுனிய நேர்வதில்லை.

வீட்டுப் பொருள் இல்லாமற்போவதன் துயரத்தை இக்கரை நன்கறியும். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. உயிர் தப்பியோர் உடுத்த துணியோடு நின்றார்கள். 1983க்குப் பின் இலங்கைத் தமிழர் அலையலையாகப் படகேறி இராமேசுவரம் கரையில் இறங்கினர். மண்டபம் முகாம் அவர்களுக்குப் புகலிடமாயிற்று. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் மீண்டும் குடும்பங்கள் அரிச்சல்முனைக்கு வந்தன. இப்படி வந்திறங்கும் குடும்பத்துக்கு முதல்நாளில் தேவைப்படுபவை பானை, பாய், போர்வை, குழந்தைக்கு மாற்றுடை. மாஊன் என்ற சொல்லின் முழுப்பொருளும் அந்த இரவில் விளங்கும்.

ஆனால் கொடுப்பது எப்போதும் நன்மையாகவே முடிவதில்லை என்பதையும் வரலாறு காட்டுகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினம் பகுதிக்கு நாடெங்கிலுமிருந்து பழைய துணிகள் லாரி லாரியாக வந்து குவிந்தன. கிழிந்தவை, அழுக்கானவை, அவ்வூர்ப் பெண்கள் உடுத்தாத வகையினவை பெருமளவில் இருந்தன. மானத்தோடு உழைத்து வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அவற்றைத் தொட மறுத்தன. சாலையோரங்களில் குவிந்து கிடந்த அத்துணிகளை அகற்றுவதே ஒரு தனிப் பணியாயிற்று. அனுப்பியவர்களின் மனம் நிறைந்தது. பெற்றவர்களின் மனமோ புண்பட்டது.

தமிழகத்தில் தேங்கிய அத்துணிகளைக் கையாள முன்வந்த அமைப்புகளுள் ஒன்று, 1999இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய ‘கூஞ்ச்’. உடுத்தத் தக்கவற்றைப் பிரித்து உரிய இடங்களுக்கு அனுப்புவதும், நைந்த பருத்தித் துணியைத் தூய்மைசெய்து பெண்களின் மாதவிடாய்க்கால அணையாடையாக மாற்றுவதும் அதன் வழக்கம். 2015இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. ஒரே துணிதான், தரம் பிரிக்காமல் கொட்டியபோது குப்பை, தேவையறிந்து கொடுத்தபோது உதவி.

இதனை நமக்குத் திருக்குர்ஆன் முன்பே உணர்த்தியிருக்கிறது. நமக்குத் தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டேயன்றி வாங்கமாட்டோம் என்னும் அளவுக்குத் தரம் தாழ்ந்த பொருளைத் தேடியெடுத்து தர்மம் செய்யவேண்டாம் என்பது அல்பகறா அத்தியாயத்தின் 267ஆவது வசனத்தின் கருத்து. பழைய பொருளைக் கொடுப்பது தவறன்று. பயனற்றதைக் கொடுத்து அதற்கு ஸதக்கா என்று பெயரிடுவதுதான் தவறு.

பெறுபவரின் கண்ணியம் காக்கும் வழிகளும் அண்மைக்காலத்தில் தோன்றியுள்ளன. 2015இன் இறுதியில் ஈரானின் மஷ்ஹத் நகரில் ஒரு சுவரில் கொக்கிகள் அடித்து, வேண்டாதவர் வைத்துச் செல்லவும் வேண்டியவர் எடுத்துச் செல்லவும் வகைசெய்தனர். கேள்வியும் இல்லை, புகைப்படமும் இல்லை. அக்கருத்து பல நாடுகளுக்குப் பரவியது. 2017இல் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகமும் ‘அன்புச் சுவர்’ என்ற பெயரில் அதனை அமைத்தது. 2023 மே மாதத்தில் தூய்மை இந்தியா இயக்கத்தின் கீழ், பழைய துணி, காலணி, புத்தகம், பிளாஸ்டிக் பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் மையங்கள் நாடெங்கும் நகர்ப்புற உள்ளாட்சிகளில் திறக்கப்பட்டன. இராமநாதபுரம், இராமேசுவரம், கீழக்கரை, பரமக்குடி ஆகிய நான்கும் நகராட்சிகளே. அவற்றின் சுகாதாரப் பிரிவில் கேட்டு, பொருள் பெறும் இடத்தை அறிந்துகொள்ளலாம்.

எனவே, வீட்டைத் துப்புரவு செய்யும்போது பொருள்களை மூன்றாகப் பிரிப்போம். நாமே மீண்டும் பயன்படுத்தத் தயங்காத பாத்திரம், கட்டில், தையல் இயந்திரம், பாடநூல் ஆகியவற்றைத் துடைத்து, துவைத்து, பழுதுநீக்கி, தேவையுடையவருக்குக் கேட்டுக் கொடுப்போம். இரும்பு, பித்தளை, காகிதம் ஆகியவற்றைப் பழைய சாமான் வாங்குபவரிடம் சேர்ப்போம். அவருக்கும் அது பிழைப்பு. பழுதான கைபேசி, கம்பி, மின்கலம் ஆகியவற்றை எரிக்கவும் கூடாது, குப்பையில் எறியவும் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் கைபேசி போன்ற மின்னணுப் பொருள்களை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியுள்ளன. ஆகவே பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை போய்ச்சேர வழிசெய்வோம். நாம் ஓடையில் எறிவது கடலுக்குத்தான் போகிறது. அக்கடலில் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகளும் உள்ளன. நம் மீனவர்களின் உணவும் அங்கிருந்தே வருகிறது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கலாம். ஒரு பதிவேடும் நம்பிக்கைக்குரிய ஒரு பொறுப்பாளரும் போதும். வருவதைத் தரம் பார்த்துப் பெறவும், தேவையை மறைவாகக் கேட்டறியவும், சமயம் பாராமல் வழங்கவும் அவர் கடமைப்பட்டவர். டமாஸ்கஸின் பாத்திர வக்ஃப் செயற்பட்டதும் இப்படி ஒரு பொறுப்பாளர் இருந்ததால்தான். தேக்சாவையும் சந்தூக்கையும் தலைமுறைகளாகப் பொதுவில் பேணிவந்த சமுதாயத்துக்கு இது இயலாத காரியமன்று.

மாஊனை மறுப்போரின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காமல், கொடுப்பவரின் உள்ளமும் பெறுபவரின் உள்ளமும் ஒருசேர நிறையும்படி கொடுப்போராக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.